அரை வாளிக் கலக்கல்

பன்றிக்குட்டி கழிந்தால் கழுவித் தள்ளிவிடத்தான் யாருக்கும் தோன்றும். பன்றி வளர்க்கிறவர்கள் மட்டும் அதை வழித்து ஒரு வாளியில் எடுத்து வைப்பார்கள். முகத்தைச் சுளிக்காமல் கேட்பதாக இருந்தால் காரணம் சொல்கிறேன். ஒரு தாயின் குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டால், அதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரும் தவிடும் சேர்த்துக் கலக்கி, இன்னும் குட்டி போடாத சினைப் பன்றிகளின் தொட்டியில் ஊற்றுவார்கள். பெரிய உடம்பு தாங்கிக்கொள்ளும், நோயைப் பழகியும் கொள்ளும். பிறகு அது குட்டி போடும்போது சீம்பாலோடு அந்தப் பலமும் இறங்கும், குட்டி பிழைக்கும். இதற்குக் கலக்கல் என்று பெயர். டாக்டர்களே சில நோய்க்கு இதைச் செய்யச் சொல்வதுண்டு. ஆனால் என்ன நோய் என்று தெரிந்த பிறகுதான் செய்ய வேண்டும். அங்கேதான் சுடுதண்ணி கோட்டை விட்டாள்.

சுடுதண்ணி என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர். கோபக்காரி என்பதாலும் வைத்திருக்கலாம், ஆனால் உண்மையான காரணம் அவள் அடுப்பு. எந்நேரமும் அதில் ஓர் அண்டாத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். வாளியைக் கழுவ, தொட்டியைக் கழுவ, ரப்பர் பூட்ஸைக் கழுவ, கதவுப் பிடியைக்கூடக் கழுவ. "என்னையும் ஒரு முக்கு முக்கி எடுத்துத்தான் வீட்டுக்குள்ள விடுவா" என்பான் அவள் புருஷன் நெட்டை. பெயருக்கேற்ற உயரம். கொட்டகை உத்தரத்தில் தலையை இடித்து இடித்து, வெளியே நடக்கும்போதும் குனிந்தே நடக்கிறவன்.

அவனுடைய தங்கை பாப்பா. நாற்பதைத் தாண்டியும் பாப்பாதான். தெருவின் அந்தக் கோடியில் அவளுடைய பண்ணை, இந்தக் கோடியில் இவர்களுடையது, நடுவில் ஒரு மரக்கடையும் லாரி நிறுத்தும் காலியிடமும். புருஷன் செத்த பிறகு அண்ணன் கொடுத்த இரண்டு பெண் குட்டிகளை வைத்துக்கொண்டு தொடங்கினாள். இப்போது ஒரு கொட்டகை நிறையத் தாய்ப்பன்றிகள், அத்தனையும் அவள் கையால் பிறந்து வளர்ந்தவை. வேறு வரும்படி கிடையாது, வேறு துணையும் கிடையாது.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம் அது. பாப்பா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தபோது சுடுதண்ணி மண்டியிட்டு ஒரு கூண்டின் தரையை வழித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, நாத்தம் தெருவரைக்கும் வருது?"

"கடைசிக் கூண்டுல குட்டிங்க கழியுது. மஞ்சத் தண்ணியாட்டம் போகுது பாரு. போன வருஷமும் இதே மழையில இப்படித்தான் வந்துச்சு, நாலு நாள்ல நின்னுபோச்சு."

"கலக்கலுக்கு எடுத்தாச்சா?"

"பின்ன? சும்மாவா இந்தக் குளிர்ல மண்டி போட்டுக்கிட்டு இருக்கேன்?"

"எனக்கும் அரை வாளி வைங்க அண்ணி. என்னுதும் எல்லாம் மாசம் நெருங்கிக் கெடக்கு. போன தடவை பாதிக் குட்டி கழிஞ்சே போச்சு, ஞாபகம் இருக்குல்ல?"

"முதுகு புடிச்சிருக்குன்னு நேத்துதான் அழுத. நீ தூக்க வேணாம். நானே கொண்டாந்து ஊத்தறேன்."

சொன்னபடியே கொண்டுபோனாள். மரக்கடையைத் தாண்டி, சேற்றில் கால் புதையப் புதைய, வாளியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு போய், பாப்பாவின் ஒவ்வொரு சினைப் பன்றியின் தொட்டியிலும் தன் கையாலேயே ஊற்றினாள். பன்றிகள் சப்புக் கொட்டிக் குடித்தன. பாப்பா ரொட்டியும் டீயும் கொடுத்தாள். இருவரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, மரக்கடைக்காரனுடைய புது மீசையைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். அந்த மீசைக்கு அவன் பெண்டாட்டி கத்தரிக்கோலோடு காத்திருக்கிறாள் என்று பாப்பா சொன்னதற்குச் சுடுதண்ணிக்குப் புரையேறிவிட்டது.

கழிச்சல் நிற்கவில்லை. கடைசிக் கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்குப் போனது. சுடுதண்ணி உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, ஒவ்வொரு குட்டியாக மடியில் போட்டு, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். நெட்டை சூடு விளக்குகளைத் தாழ இறக்கிக் கட்டினான், சாக்கை மாற்றி மாற்றி விரித்தான். அப்படியும் இரண்டு குட்டிகள் செத்தன. மூன்றாவது ஒன்று மூச்சை இழுத்து இழுத்து விட்டது. அதன் காதுகள் சிவந்திருந்தன.

அந்தச் சிவப்பைப் பார்த்ததும் நெட்டை கால்நடை டாக்டரம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டான். ஏனென்றால் முந்தின நாள்தான் சேதி வந்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் பெரிய காய்ச்சல் என்று சொல்லி யாரும் போய்வர முடியாதபடி வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள். பெரிய காய்ச்சல் என்றால் மருந்து கிடையாது, தப்புவதும் கிடையாது. ஒரு பன்றிக்கு வந்தாலும் பண்ணையிலிருக்கும் அத்தனையையும் கொன்று, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுவார்கள். பெரிய காய்ச்சலுக்கும் காது சிவக்கும் என்பது பன்றி வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் சோற்றில் கை வைக்கவில்லை என்று தீவனக்காரன் சொல்லியிருந்தான்.

டாக்டரம்மா வந்தாள். இத்தனை வருஷமும் சாதாரணச் சட்டையோடு வந்து, பன்றியின் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு டீ குடித்துப் போகிறவள், அன்றைக்கு வாசலிலேயே நின்று உச்சி முதல் பாதம் வரை பிளாஸ்டிக் உடுப்பு போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்ததும் சுடுதண்ணி மடியிலிருந்த குட்டியைச் சாக்கில் கிடத்திவிட்டு எழுந்தாள்.

டாக்டரம்மா செத்த குட்டியை அறுத்துப் பார்த்தாள். ரத்தம் எடுத்தாள், சாணம் எடுத்தாள், எல்லாவற்றையும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தாள்.

"என்னன்னு நினைக்கிறீங்க?" என்றான் நெட்டை.

"நினைக்கறதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல. டெஸ்ட் வரட்டும். கழிச்சல்னா நூறு காரணம் இருக்கு. ஆனா அந்தக் காது எனக்குப் பிடிக்கல. அதுவரைக்கும் ஒரு பன்னியும் வெளிய போகக் கூடாது, வெளியாள் உள்ள வரக் கூடாது. வாசல்ல சுண்ணாம்புத் தண்ணி வைங்க. இங்கருந்து வேற பண்ணைக்கு ஏதாவது போயிருக்கா? தீவனம், சாக்கு, வாளி, ஏதாவது?"

சுடுதண்ணி வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் போகல" என்றான் நெட்டை.

டாக்டரம்மா இருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஜீப் தெரு திரும்புகிறவரைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் வாசலிலேயே நின்றார்கள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" சமையலறைக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"வேற என்ன சொல்லச் சொல்ற? அரை வாளி கொண்டுபோய் ஊத்தினோம்னா? சொன்ன நிமிஷமே பாப்பா வாசல்லயும் கயிறு கட்டிடுவாங்க."

"கட்டினா கட்டட்டுமே. அவகிட்டயாவது சொல்லணும்ல?"

"சொல்லி? அவ தலைல அடிச்சுக்கிட்டு அழுவா. அதுல பன்னிக்கு வந்தது போயிடுமா? குடிச்சது குடிச்சாச்சு. ஒண்ணுமில்லன்னு டெஸ்ட் வந்தா, சொல்லாததே நல்லதாப் போச்சுன்னு நீயே சொல்லுவ."

"ஒண்ணு இருக்குன்னு வந்தா?"

நெட்டை டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். "வந்தா அப்ப பாத்துக்கலாம்" என்றான். "வாயை மூடிக்கிட்டு இரு. என் கூடப் பொறந்தவ அவ. உன்னைவிட எனக்கு அக்கறை இல்லையா?"

அக்கறை இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. தங்கைக்கு இரண்டு குட்டி கொடுத்து வாழ வைத்தவன் என்ற பெயர் அவனுக்கு ஊரில் உண்டு. அதே வீட்டிலிருந்து போன வாளி அவளை வாரிக்கொண்டு போனது என்று ஆகிவிட்டால் தெருவில் தலை காட்ட முடியுமா? சுடுதண்ணிக்கு அந்தக் கணக்கெல்லாம் ஓடவில்லை. தொட்டியில் ஊற்றும்போது பன்றிகள் தலையைத் தூக்கித் தன்னைப் பார்த்த பார்வைதான் திரும்பத் திரும்ப வந்தது. கொதிக்கிற தண்ணீரில் வாளியைக் கழுவினாள், கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தி மறுபடியும் கழுவினாள். கை கொப்பளித்த பிறகுதான் நிறுத்தினாள். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும், தொலைபேசியை எடுப்பாள், வைத்துவிடுவாள். அவளுக்கும் பயம்தான், அதை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாப்பாவே கூப்பிட்டாள்.

"அண்ணி, டாக்டரம்மா விண்வெளிக்குப் போறவ மாதிரி உடுப்பு மாட்டிக்கிட்டு வந்துச்சாமே? மரக்கடைக்காரர் சொன்னாரு. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல பாப்பா. ஆத்துக்கு அந்தப் பக்கம் வந்திருக்கில்ல, எல்லா இடத்துலயும் பாக்கறாங்க."

"குட்டிங்க எப்படி இருக்கு?"

"இருக்கு."

"என்ன அண்ணி ஒரு மாதிரி பேசறீங்க? அண்ணன்கூடச் சண்டையா?"

"சளி புடிச்சிருக்கு."

"சுக்குப் போட்டுக் குடிங்க. அப்புறம் ஒண்ணு கேக்கணும். என் செவலை இருக்குல்ல, காலைலருந்து தொட்டில வாய் வைக்கல. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. என்னவா இருக்கும்?"

சுடுதண்ணிக்குத் தன் வாளி நினைவுக்கு வந்தது. செவலைதான் முதலில் குடித்தது. பக்கத்துப் பன்றியின் பங்கிலும் மூக்கை நுழைத்து இரண்டு பங்காகக் குடித்தது.

"குட்டி போடற நேரம் வந்திருக்கும்" என்றாள்.

"இன்னும் நாள் இருக்கே?"

"முன்னப் பின்ன ஆகும் பாப்பா. சாக்கு விரிச்சு வை." தொலைபேசியை வைத்துவிட்டு, அப்படியே அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். நெட்டை வாசலில் சுண்ணாம்புத் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தான். அழுகை கேட்டும் உள்ளே வரவில்லை.

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. சுடுதண்ணி சிரிஞ்சோடு குட்டிகளிடம் இருந்தாள். மூச்சிழுத்த குட்டி இன்னும் உயிரோடு இருந்தது, ஆனால் மடியில் போட்டால் துணி மாதிரி தொங்கியது. பாப்பாவின் அழைப்பு வந்தது. பின்னால் பன்றிகள் அலறும் சத்தம்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, திட்டுவாரு. நான் எல்லாத்தையும் குடுத்துடறேன்."

"எதை?"

"பன்னிங்களைத்தான். யாவாரி லாரியோட வந்து நிக்கறாரு. உங்க வாசல்ல கயிறு கட்டினா அடுத்தது என் வாசல்தானே? கொன்னு குழில போடறதுக்கு முன்ன, வந்த விலைக்குப் போகட்டும். செவலையையும் ஏத்திட்டேன். எனக்கு மனசே ஆறல அண்ணி. ஏறும்போது என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்குது."

"பாப்பா, இரு…"

"வைக்கறேன் அண்ணி, கூப்பிடறாங்க."

திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறை அடித்தது, எடுக்கவில்லை.

லாரி போனால் சந்தைக்குப் போகும். சந்தையில் எங்கெங்கிருந்தோ வந்த பன்றிகளோடு ஒரே பட்டியில் நிற்கும். அங்கிருந்து நூறு கொட்டகைக்கு நூறு லாரி போகும். அரை வாளி எங்கே போய் நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? குட்டியை விளக்கடியில் கிடத்திவிட்டு எழுந்தாள். பூட்ஸைக் கழற்றி வேறு செருப்பு போட்டாள், சுண்ணாம்புத் தண்ணீரில் காலை முக்கினாள்.

"எங்க போற?" என்று நெட்டை மறித்தான்.

"பாப்பா எல்லாத்தையும் லாரில ஏத்திட்டா."

அவன் முகம் வெளிறியது. ஆனாலும் வாசலை விட்டு நகரவில்லை. "போகட்டும்டி. போயிட்டா அவளுக்கு நஷ்டம் இல்லாம போகும். நாமளும் தப்பிச்சோம்."

"நாமதான் தப்பிப்போம்" என்றாள் சுடுதண்ணி. அவன் கைக்கடியில் குனிந்து புகுந்து ஓடினாள்.

பாப்பாவின் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே கால் வைக்கக் கூடாது என்ற நினைவு அந்த நேரத்திலும் இருந்தது. லாரியின் பின்பலகை இன்னும் இறங்கித்தான் இருந்தது. வியாபாரி பிரம்போடு கடைசிப் பன்றியை மேலே தள்ளிக்கொண்டிருந்தார். பன்றிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. சுடுதண்ணி இரும்புக் கதவைக் கல்லால் தட்டினாள்.

"அண்ணி? ஏன் அங்கயே நிக்கறீங்க? உள்ள வாங்க."

"லாரியை விடாத பாப்பா! இறக்கு! நான் ஊத்தின கலக்கல்… என்ன நோயின்னு தெரியாம எடுத்தது. குட்டி செத்துருச்சு. காது செவந்துருக்கு. ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காங்க. பெரிய காய்ச்சலா இருக்கலாம். உன் பன்னி எல்லாத்துக்கும் என் கையால ஊத்திட்டேன்."

பாப்பா அசையாமல் நின்றாள். சாக்கு தலையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது.

வியாபாரி பிரம்பைக் கீழே தாழ்த்தினார். வாசலையும் பார்த்தார், லாரியையும் பார்த்தார். "அம்மா, என் காதுல எதுவும் விழல" என்றார் மெதுவாக. "பேசின விலைல பாதி தரேன். இப்பவே கிளம்பிடறேன். நீங்களும் யாரையும் பாக்கல, நானும் யாரையும் பாக்கல. என்ன சொல்றீங்க?"

பாப்பா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். லாரிக்குள்ளிருந்து செவலை உறுமியது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் கையில் கொஞ்சமாவது மிஞ்சும். வேண்டாம் என்றால் குழிதான்.

"இறக்குங்க" என்றாள்.

"யோசிச்சு…"

"இறக்குய்யா!"

ஒவ்வொன்றாக இறக்கினார்கள். சினை வயிற்றோடு அந்தச் சரிவுப் பலகையில் இறங்க அவை பயந்தன. பாப்பா முன்னால் நின்று, இரண்டு கையாலும் காதோரம் பிடித்து, பேர் சொல்லிப் பேர் சொல்லி இறக்கினாள். சுடுதண்ணியின் பக்கம் திரும்பவே இல்லை. லாரியின் பின்பக்கத்தைப் பாப்பாவே சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கொடுத்தாள். வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். சுடுதண்ணி அங்கேயே நின்றபடி டாக்டரம்மாவைக் கூப்பிட்டு வாளியைப் பற்றிச் சொன்னாள். என்றைக்கு ஊற்றியது, எத்தனை பன்றி குடித்தது என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு, "ரெண்டு இடமும் அப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் பதில் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு கொட்டகையிலும் காத்திருந்தார்கள். என்ன செய்வது? பன்றிக்குப் பசிக்கும், தீவனம் போட வேண்டும். தரை நாறும், கழுவ வேண்டும். சாகப் போகிறதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் வேளை தவறாமல் தண்ணீர் வைப்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. தெருவில் ஒரு ஜீப் சத்தம் கேட்டாலும் இருவரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். மரக்கடைக்காரன்கூட அந்தப் பக்கம் ரம்பத்தை ஓட்டவில்லை.

டாக்டரம்மா தொலைபேசியில்தான் சொன்னாள். நெட்டையிடமிருந்து சுடுதண்ணி வாங்கி ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"பெரிய காய்ச்சல் இல்ல. கேக்குதா? இல்ல. இது அடினோ வைரஸ்னு ஒண்ணு. பன்னிக் கொட்டகைல சாதாரணமா இருக்கறதுதான். முக்காவாசி இடத்துல வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சின்னக் குட்டிங்களுக்குக் கழிச்சல் வரும், சிலதுக்கு நெஞ்சுல சளி கட்டும். மூச்சு முட்டித்தான் காது செவந்திருக்கு. இதுக்குன்னு தனி மருந்து கிடையாது. நீங்க குடுக்கற உப்புச் சர்க்கரைத் தண்ணியும் சூடும்தான் வைத்தியம்."

"அங்க… எங்க நாத்தனார் பன்னிங்களுக்கு?"

"பெருசுங்களுக்கு இது ஒண்ணும் செய்யாது. குட்டி போட்டா பால்ல கொஞ்சம் பலம்கூட இறங்கும். ஆனா இனிமே எனக்குச் சொல்லாம வாளியைத் தொட்டீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

நெட்டை அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினான். "பாத்தியா, பாத்தியா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். சுடுதண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. செருப்பைத் தேடக்கூட நேரமில்லாமல் தெருவில் ஓடினாள். மரக்கடைக்காரன் என்ன என்று கேட்டதற்கு, "இல்லையாம், இல்லையாம்" என்று சிரித்துக்கொண்டே கத்தினாள். அவனுக்கு என்ன புரிந்ததோ, அவனும் சிரித்தான்.

பாப்பா கொட்டகை வாசலில் தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். டாக்டரம்மா அவளுக்கும் சொல்லியிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அழுது முடித்த முகம். செவலை முந்தின நாளே தொட்டியில் வாய் வைத்திருந்தது.

"பாப்பா" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் சுடுதண்ணி. மூச்சு வாங்கியது. "பிழைச்சோம்டி."

"பிழைச்சோம்" என்றாள் பாப்பா. கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே வந்தாள். திறக்கவில்லை. "ஒண்ணு கேக்கட்டுமா அண்ணி?"

"கேளு."

"செவலை சாப்பிடலன்னு நான் கூப்பிட்டப்பவே உங்களுக்குத் தெரியும்."

"பாப்பா, உங்க அண்ணன்தான்…"

"அண்ணனைச் சொல்லாதீங்க. அவர்கிட்ட நான் தனியா பேசிக்கறேன். நான் கேட்டது உங்களை. சாக்கு விரிச்சு வைன்னு சொன்னீங்க, நானும் விரிச்சேன். அன்னைக்கு லாரி வரலன்னா, நான் எதையும் ஏத்தலன்னா, நீங்க வந்து என்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்ற வார்த்தை சுடுதண்ணியின் வாய் வரைக்கும் வந்தது. பாப்பாவின் கண்ணைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. எத்தனை தடவை தொலைபேசியை எடுத்து எத்தனை தடவை கீழே வைத்தோம் என்பது தனக்குத் தெரியாதா? அவமானத்தில் முகம் எரிந்தது.

"தெரியல பாப்பா" என்றாள்.

"எனக்குத் தெரியுது அண்ணி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் சுடுதண்ணியும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், ஒருவழியாகச் சமாதானம் ஆகியிருக்கும். பாப்பா தவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டாள். முதுகு வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். தூக்கிக் கொடுக்கட்டுமா என்று கேட்கச் சுடுதண்ணிக்கு வாய் வரவில்லை.